வருமான வரி அட்டவணையில் இருப்பது யாருடைய வருமானம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வருமான வரி கட்டுவதில்லை என்கிறார் ஒருவர். வரித் தரவின்படி ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது என்கிறது ஒரு வங்கியின் ஆய்வறிக்கை. மேல்மட்டத்தில் உள்ள 1% பேர் நாட்டின் வருமானத்தில் 22.6% எடுத்துக்கொள்கிறார்கள், பிரிட்டிஷ் காலத்தைவிட மோசம் என்கிறார்கள் பொருளாதார அறிஞர்கள். மூவரும் வருமான வரிப் புள்ளிவிவரத்தைத்தான் காட்டுகிறார்கள். யாரை நம்புவது?"

மூவருமே எண்ணை இட்டுக்கட்டவில்லை. ஆனால் அந்த எண்களை வைத்து நடக்கும் சண்டையில் பெரும்பகுதி வீண் என்பது என் கருத்து. வருமான வரி அட்டவணை மக்களின் வருமானத்தை அளப்பதற்காக உருவானதல்ல. இன்னார், இன்ன வருமானத்தை, இந்தப் படிவத்தில், இந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. எழுதியதைத் துறை கூட்டிப் போடுகிறது. சட்டம் கேட்பது மாறினால், யாருடைய வருமானமும் மாறாமலேயே அட்டவணை மாறும். அதனால் அட்டவணையைத் திறக்கும் முன் அந்த ஆண்டின் நிதிச் சட்டத்தைத் திறக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்கு இது பழகிப்போன விஷயம். தொலைக்காட்சி விவாதத்தில் இருப்பவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை.

முதலில் "இரண்டு சதவீதம்". 2022-23இல் சுமார் 7.4 கோடிப் பேர் ரிட்டர்ன் (வருமானக் கணக்குப் படிவம்) தாக்கல் செய்தார்கள், அவர்களில் 5.16 கோடிப் பேருக்கு வரி பூஜ்யம் என்று நாடாளுமன்றத்தில் பதில் சொல்லப்பட்டது. மீதி இரண்டே கால் கோடிக்குச் சற்றுக் குறைவு. அதை 140 கோடியால் வகுத்தால் 1.6% வரும். கணக்கு சரிதான். ஆனால் வகுக்கும் 140 கோடியில் பால்குடிக் குழந்தையும் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளையும் இருக்கிறது. அது போகட்டும், பெரிய காரணம் வேறு. அப்போதைய சட்டப்படி 5 லட்சம் ரூபாய் வரை வரிக்கு உரிய வருமானம் உள்ளவர், பிரிவு 87ஏ தள்ளுபடியால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. 80சி (காப்பீடு, சேமிப்பு போன்றவற்றுக்கானது) போன்ற கழிவுகளைச் சேர்த்தால் வரம்பு இன்னும் மேலே போகும். அந்த ஆண்டுகளில் நாட்டின் தலா வருமானம் ஒன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் இருந்தது. சராசரி வருமானத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கோடு கிழித்துவிட்டு, கோட்டுக்குக் கீழே இத்தனை பேரா என்று வியப்பது என்ன நியாயம்? வேளாண் வருமானம் மத்திய வருமான வரிக்கு அப்பாற்பட்டது. உழைக்கும் மக்களில் ஏறத்தாழ 46% பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள். இவர்களெல்லாம் ஏய்ப்பவர்கள் அல்ல. சட்டமே அவர்களைக் கேட்கவில்லை. ஏய்ப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை; நிறையவே இருக்கிறது. ஆனால் 98.4% என்ற மிச்சம் ஏய்ப்பின் அளவு ஆகாது.

2017 பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி முன்வைத்த வாதம் இதைவிட நுட்பமானது, அதனால் இன்றுவரை பலரும் எடுத்தாளுகிறார்கள். 2015-16இல் ரிட்டர்ன் போட்ட தனிநபர்கள் 3.7 கோடி, 10 லட்சத்துக்கு மேல் காட்டியவர்கள் 24 லட்சம், 50 லட்சத்துக்கு மேல் 1.72 லட்சம் பேர் மட்டுமே. ஆனால் ஐந்தாண்டில் விற்ற கார்கள் 1.25 கோடிக்கு மேல், 2015இல் வெளிநாடு பறந்த இந்தியர்கள் 2 கோடி. கேட்கும்போது பொறி தட்டும். ஒரு பக்கம் ஐந்தாண்டுக் கார் விற்பனை, மறு பக்கம் ஓராண்டு ரிட்டர்ன். கார்களில் நிறுவனங்கள் வாங்கியவை, வாடகை டாக்சிகள் எல்லாம் அடங்கும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளியும் விமானத்தில்தான் போகிறார். கார் ஒரு குடும்பத்துக்கு ஒன்று, ரிட்டர்ன் ஆளுக்கு ஒன்று. இத்தனையையும் கழித்த பிறகும் ஜேட்லியின் சந்தேகத்தில் உண்மை மிஞ்சும் என்றே நினைக்கிறேன். அவரே அதே உரையில் சொன்ன இன்னொரு எண் என்னை அதிகம் உறுத்துகிறது: 5 லட்சத்துக்கு மேல் காட்டிய 76 லட்சம் பேரில் 56 லட்சம் பேர் சம்பளக்காரர்கள். கையில் வரும் முன்பே டிடிஎஸ் பிடிக்கப்படுபவர் தப்ப முடியாது, மற்றவர் முடியும். இங்கே ஒப்பிடப்படும் இருவரும் ஒரே அட்டவணைக்குள், ஒரே ஆண்டில் இருக்கிறார்கள். அதனால் இந்த எண் தாங்கும், கார் கணக்கு தாங்காது.

2020இல் இதே பாணியில் இன்னொன்று வந்தது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் காட்டும் தொழில்முறையாளர்கள் 2,200 பேர்தான் என்று பிரதமர் பேசினார். பேச்சு பரவிய வேகத்தில் "தொழில்முறையாளர்கள்" என்ற சொல் உதிர்ந்து, "இந்தியாவில் 2,200 பேர்தான் கோடீஸ்வரர்கள்" என்று ஆனது. நேரடி வரிகள் வாரியம் பிறகு விளக்கம் கொடுத்தது: மருத்துவர், ஆடிட்டர், வழக்கறிஞர் போன்றோர் தங்கள் தொழிலில் இருந்து காட்டிய வருமானம் மட்டுமே அது; வாடகை, வட்டி, மூலதன ஆதாயம் சேராது. அதே விளக்கத்தில், 5 கோடிக்கு மேல் காட்டிய தனிநபர்களே சுமார் 8,600 பேர் என்றும் இருந்தது.

ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் உடனே கவனித்த ஒன்றை அந்த விளக்கம் தொடவில்லை. பெரிய வழக்கறிஞர்களும் ஆடிட்டர்களும் பெரும்பாலும் கூட்டு நிறுவனமாகத்தான் தொழில் செய்கிறார்கள். லாபத்துக்கு நிறுவனம் 30% வரி கட்டிவிடும். பங்குதாரரின் கைக்கு வரும் லாபப் பங்குக்குப் பிரிவு 10(2ஏ)படி விலக்கு உண்டு. அதை ரிட்டர்னில் விலக்கு வருமானத்தின் கீழ் எழுதுகிறார். மொத்த வருமானத்தில் அது சேராது. ஆண்டுக்கு மூன்று கோடி லாபப் பங்கும் 40 லட்சம் ஊதியமும் வாங்குபவர், அட்டவணையில் 40 லட்சக்காரர். ஒரு பைசா ஏமாற்றவில்லை, வரி முழுவதும் கட்டியாகிவிட்டது. சொந்த மருத்துவமனையைப் பிரைவேட் லிமிடெட்டாக நடத்தும் மருத்துவர், இயக்குநர் சம்பளம் வாங்கினால் சம்பளக்காரர் பட்டியலுக்குப் போய்விடுவார். 2,200 என்ற எண் மருத்துவர்களின் வசதியைப் பற்றிச் சொல்வதைவிட, அவர்கள் எந்த வடிவத்தில் தொழிலை வைத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன்: ஏற்றத்தாழ்வு குறைந்ததா, கூடியதா?

ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2024 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வரிக்கு உரிய வருமானத்தின் கினி குறியீடு 2014ஆம் நிதியாண்டுக்கும் 2022ஆம் நிதியாண்டுக்கும் இடையில் 0.472இலிருந்து 0.402ஆகக் குறைந்திருக்கிறது, ஆகவே பணக்காரர் மேலே, ஏழை கீழே என்ற பேச்சு பிழை என்றது. கினி என்பது எல்லோருக்கும் சம வருமானம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 1. குறைந்தால் நல்லது என்பது பொது விதி.

ஒரு சிறிய கணக்கு போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் ஐந்து பேர் ரிட்டர்ன் போடுகிறார்கள். நால்வருக்குத் தலா 5 லட்சம், ஒருவருக்கு 50 லட்சம். இந்த ஐவருக்குள் கினி 0.51. அதே ஊரில் 5 லட்சம் சம்பாதிக்கும் இன்னும் ஐந்து பேர் இதுவரை ரிட்டர்ன் போடாமல் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு புதிய விதி வந்து அவர்களும் போடுகிறார்கள். இப்போது பத்துப் பேர், கினி 0.43. முதலாமவரின் பங்கு 71 சதவீதத்திலிருந்து 53 சதவீதமாக இறங்கிவிட்டது. ஊரில் ஒரு ரூபாயும் கை மாறவில்லை. அந்த ஊரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் சம்பாதிக்கும் ஐம்பது கூலித் தொழிலாளர்கள் இருக்கிறார்களா, அவர்கள் நிலை மேம்பட்டதா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. கோயில் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி, வெறுங்காலோடு வந்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதைப் போன்றது இது.

இது கற்பனை விதி அல்ல. 2019இல் நடப்புக் கணக்கில் ஒரு கோடிக்கு மேல் போட்டவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர், மின்கட்டணம் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியவர் எல்லோரும் வருமானம் எதுவாயினும் ரிட்டர்ன் போட வேண்டும் என்றானது. 2021 ஜூலை முதல் ரிட்டர்ன் போடாதவர்களுக்குச் சில இனங்களில் டிடிஎஸ் இரட்டிப்பாகப் பிடிக்கப்பட்டது. 2022இல் ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் டிடிஎஸ் பிடிக்கப்பட்டவர்களும் பட்டியலில் சேர்ந்தார்கள். இவை தவிர, சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு பெரும் காரணம் உண்டு. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி "மூன்று வருட ரிட்டர்ன் கொண்டு வாருங்கள்" என்கிறது. விசாவுக்கும் அதே. மளிகைக் கடைக்காரர், தையற்காரர், டியூஷன் எடுக்கும் ஆசிரியை என்று பலர் இதற்காகவே வருகிறார்கள். கடனுக்குத் தகுதி வர வேண்டும், வரியும் வரக் கூடாது. எண் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். விலக்கு வரம்புக்குச் சற்றுக் கீழே இத்தனை ரிட்டர்ன்கள் குவிவது நாட்டின் நடுத்தர வர்க்கம் வளர்ந்ததற்கான சான்று என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆக, 0.402 என்பது ரிட்டர்ன் போடும் கூட்டத்துக்குள் உள்ள இடைவெளி. அந்தக் கூட்டமே ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் சுமார் 97 கோடிப் பேர் இருந்த நாட்டில், ஏழு கோடிப் பேருக்குள் நடந்த கணக்கு இது. இந்தக் கினியை வைத்து நாட்டின் ஏற்றத்தாழ்வு குறைந்தது என்றும் சொல்ல முடியாது, கூடியது என்றும் சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பு இதே தவற்றை வேறு வழியில் செய்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் காட்டியவர்கள் 2013-14 மதிப்பீட்டு ஆண்டில் (அதாவது 2012-13இல் வந்த வருமானத்துக்கு) 44,078 பேர், 2023-24இல் சுமார் 2.3 லட்சம் பேர். பத்தாண்டில் ஐந்து மடங்கு, பார்த்தீர்களா பணக்காரர் கொழிப்பதை என்கிறார்கள். ஒரு கோடி என்ற கோடு பத்தாண்டாக நகரவே இல்லை. இந்த இடைவெளியில் விலைவாசி ஏறத்தாழ 70% ஏறியது. அன்று 59 லட்சம் வாங்கியவரின் வருமானம் விலைவாசியோடு மட்டும் ஏறியிருந்தாலே இன்று அவர் கோடிக்காரர். நாட்டின் மொத்த உற்பத்தி ரூபாய்க் கணக்கில் இரண்டரை மடங்குக்கு மேல் வளர்ந்தது. எல்லோர் வருமானமும் அதே வேகத்தில், ஒரே விகிதத்தில் உயர்ந்திருந்தால் அன்று 40 லட்சம் வாங்கியவர்கள் எல்லோரும் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். மேலே போகப் போக ஆட்கள் வேகமாகக் குறைவதால், கோட்டைச் சற்றுக் கீழே இறக்கினாலே எண்ணிக்கை பல மடங்காகும். ஐந்து மடங்கு என்பது ஏற்றத்தாழ்வு கொஞ்சமும் மாறாமலே வரக்கூடிய எண். "கீழ்ப் படியில் இருந்தவர்கள் மேல் படிக்கு ஏறிவிட்டார்கள்" என்று மறுதரப்பு காட்டும் எண்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

இதைவிடச் சுவையானது, பலர் கண்ணில் படாமல் போவது, விலக்குகளின் கதை. 1997 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் டிவிடெண்ட் (நிறுவனம் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்) மீதான வரியைப் பங்குதாரரிடமிருந்து எடுத்து நிறுவனத்தின் தலையில் வைத்தார். 2002-03 ஓராண்டு நீங்கலாக, பங்குதாரரின் கையில் டிவிடெண்டுக்கு வரி இல்லை. ஆகவே அது மொத்த வருமானத்திலும் இல்லை. 2016-17 முதல் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் டிவிடெண்ட் வாங்குபவருக்கு மட்டும் 10% வரி வந்தது. 2020 ஏப்ரலில் முழுவதும் பங்குதாரரிடமே திரும்பி வந்தது. அதே போல 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கைச் சந்தையில் விற்ற லாபம் முழுக்க விலக்கு. 2018 ஏப்ரல் முதல் ஒரு லட்சத்துக்கு மேல் 10%, 2024 ஜூலை முதல் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5%.

இதை ஒரு நிறுவன அதிபரின் ரிட்டர்னில் வைத்துப் பாருங்கள். சம்பளம் ஒரு கோடி, டிவிடெண்ட் 50 கோடி. 2014-15 வருமானத்துக்கான அட்டவணையில் அவர் ஒரு கோடிக்காரர். 2020-21 வருமானத்துக்கான அட்டவணையில் 51 கோடிக்காரர். அந்த ஆறு ஆண்டில் அவர் வருமானம் அசையவே இல்லை. இப்போது ஓர் ஆய்வாளர் இரண்டு ஆண்டுகளின் அட்டவணையை மட்டும் எடுத்து மேல்மட்டத்தின் பங்கு எகிறிவிட்டது என்று வரைபடம் போட்டால், அவர் வரைந்திருப்பது நிதிச் சட்டத்தின் வரலாற்றை. பங்கு லாபத்தில் இன்னொரு வளைவும் உண்டு. 2018க்கு முன் சேர்ந்த லாபத்தைத் தொடக் கூடாது என்பதற்காக, 2018 ஜனவரி 31ஆம் தேதி விலையை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. அதனால் பத்தாண்டு லாபத்தோடு 2018இலேயே விற்றவர் கணக்கில் லாபம் கொஞ்சம்தான் தெரிந்தது. அந்த வெட்டுத் தேதியிலிருந்து ஆண்டுகள் விலக விலக, விற்பனை அதே அளவாக இருந்தாலும் படிவத்தில் தெரியும் லாபம் கூடிக்கொண்டே போகும். அதன் மேல் 2020 மார்ச் வீழ்ச்சிக்குப் பிந்தைய பங்குச் சந்தை ஏற்றமும் சேர்ந்துகொண்டது. அந்த ஏற்றத்தில் செல்வந்தர்கள் உண்மையிலேயே சம்பாதித்தார்கள். எவ்வளவு உண்மை, எவ்வளவு சட்ட மாற்றம் என்று பிரித்துக் காட்டாத ஒப்பீட்டை நான் பொருட்படுத்துவதில்லை.

அமெரிக்காவிலும் இதே சண்டை பல்லாண்டாக நடக்கிறது. ரேகன் காலத்து 1986 வரிச் சீர்திருத்தம் தனிநபருக்கான உச்ச விகிதத்தை 50%இலிருந்து 28%ஆக இறக்கி, நிறுவன வரியான 34%க்கும் கீழே கொண்டுபோனது. உடனே பல தொழில்கள் நிறுவன ரிட்டர்னை விட்டு உரிமையாளரின் தனிநபர் ரிட்டர்னுக்குக் குடிபெயர்ந்தன. மேல் 1% பேரின் பங்கு இரண்டே ஆண்டில் துள்ளியது. பொருளாதார அறிஞர்களில் பிக்கெட்டி, சயஸ், சக்மன் ஒரு பக்கம். ஆட்டன், ஸ்ப்ளின்டர் மறு பக்கம். இரு தரப்பும் ஒரே வரித் தரவிலிருந்து தொடங்குகின்றன. வரிக்குப் பிந்தைய வருமானத்தில் மேல் 1% பங்கு 1960களிலிருந்து பெரிதாக மாறவே இல்லை என்கிறது ஆட்டன் தரப்பு, நன்றாகவே உயர்ந்திருக்கிறது என்கிறது பிக்கெட்டி தரப்பு. படிவத்தில் எழுதப்படாத வருமானத்தை யார் தலையில் வைப்பது என்பதில்தான் பெரும் வேறுபாடு.

இனி 22.6%. 2024 மார்ச்சில் பார்த்தி, சான்செல், பிக்கெட்டி, சோமஞ்சி நால்வரும் 1922 முதல் 2023 வரையான இந்திய ஏற்றத்தாழ்வு பற்றி வெளியிட்ட ஆய்வில் வரும் எண் இது. வரித் துறையின் எண் என்று நினைப்பது தவறு. உச்சியில் உள்ளவர்களுக்கு வரி அட்டவணை, கீழே உள்ளவர்களுக்கு மாதிரி ஆய்வுகள், மொத்தத்துக்கு தேசியக் கணக்கு என்று மூன்றைத் தைத்து எடுத்த மதிப்பீடு. தையல் போடும் இடங்களில் ஊகங்கள் உண்டு. ஆசிரியர்கள் அவற்றை மறைக்கவில்லை. 1999-2000ஐ ஒட்டி இந்தியா அட்டவணைகளை வெளியிடுவதை நிறுத்தி, 2016 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கியது. நடுவில் ஒரு பள்ளம். வரிக்கு முந்தைய வருமானம் என்பதால், 80 கோடிப் பேருக்குப் போகும் இலவச ரேஷன் அதில் எண்ணப்படுவதில்லை. மறுபுறம், தொழிலதிபரின் பங்குகள் விற்கப்படாமலே பல்லாயிரம் கோடி ஏறினால், அந்த ஏற்றம் யாருடைய ரிட்டர்னிலும் வராது. ஒன்று ஏற்றத்தாழ்வைப் பெரிதாக்கிக் காட்டும், மற்றது சிறிதாக்கிக் காட்டும். மேல்மட்டத்தின் பங்கு 1980களின் தொடக்கத்தில் தாழ்ந்திருந்தது, பிறகு வலுவாக ஏறியது என்ற திசையை நான் ஏற்கிறேன். தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள 6ஐ வைத்துச் சண்டை போட மாட்டேன்.

"பிரிட்டிஷ் காலத்தைவிட மோசம்" என்ற தலைப்புச் செய்தியில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. வேளாண் வருமானத்துக்கு விலக்கு என்பது சுதந்திர இந்தியா கொடுத்த சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். 1886ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருந்தது, 1922 சட்டத்திலும் தொடர்ந்தது. அன்றைய இந்தியாவில் பெரும் செல்வந்தர்கள் யார்? ஜமீன்தார்கள். ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களின் குத்தகை வருமானமோ வங்காளத்துப் பெருநிலக்கிழார்களின் வருமானமோ அந்தக் கால வருமான வரி அட்டவணையில் இல்லை. சுதேச சமஸ்தானங்களும் அதில் இல்லை. அன்றைய பணக்காரர்களில் பெரும்பகுதியை விட்டுவிட்ட ஏட்டை இன்றைய ஏட்டோடு ஒப்பிடும்போது, அன்றைய ஏற்றத்தாழ்வு குறைவாகவே தெரியும். இன்றும் அந்த விலக்கு இருக்கிறது. வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலையை வளர்த்துத் தூளாக்கி விற்கும் தோட்டத்தின் லாபத்தில் 40% மட்டுமே மத்திய வருமான வரிக்கு உரியது. மீதி 60% வேளாண் வருமானம். ஆனால் இன்றைய பெரும் செல்வம் நிலத்தின் குத்தகையில் இல்லை, பங்குகளில் இருக்கிறது. விலக்கு அதே விலக்குதான், அது மறைக்கும் ஆட்கள் வேறு.

ஏழைகளே அதிகம் வரி கட்டுகிறார்கள் என்ற வாதத்துக்கும் ஒரு சொல். இரண்டு சதவீதக் கதைக்குப் பதிலாக ஜிஎஸ்டியைக் காட்டுவது நியாயமான எதிர்வாதம். சோப்பு வாங்கும் எவரும் வரி கட்டுகிறார். ஆனால் ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட எண், ஜிஎஸ்டியில் 64% மக்கள்தொகையின் கீழ்ப் பாதியிடமிருந்து வருகிறது, மேல் 10% பேரிடமிருந்து 3% மட்டுமே என்பது. பத்து வினாடி செலவழித்து வகுத்துப் பாருங்கள். கீழ்ப் பாதியில் ஒருவர் சராசரியாக 1.28 பங்கு, மேல் பத்தில் ஒருவர் 0.3 பங்கு. அதாவது காரும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்கி, ஓட்டலில் சாப்பிட்டு, விமானத்தில் போகிறவர், ரூபாய்க் கணக்கில், ஒரு விவசாயக் கூலி கட்டும் ஜிஎஸ்டியில் கால் பங்குகூடக் கட்டுவதில்லை! வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்லியிருந்தால் ஏழைக்கே பாரம் அதிகம் என்ற வாதத்தைப் பேசலாம். மொத்த வசூலில் பங்கு என்று சொன்னதும் அது உடைந்துவிடுகிறது. கடை பில்லில் வாங்குபவரின் வருமானம் எழுதப்படுவதில்லை. ஆகவே இது வரிப் புள்ளிவிவரமே அல்ல.

ஆண்டுக் குழப்பத்தைப் பற்றி இரண்டு வரி. 2017-18 மதிப்பீட்டு ஆண்டு என்றால் 2016-17இல் வந்த வருமானம். 2016 நவம்பர் பணமதிப்பிழப்பின் விளைவைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்காமல் ஒரு வருடம் தள்ளிப் படித்துக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டம் இந்த இரட்டை ஆண்டை ஒழித்து ஒரே வரி ஆண்டு என்கிறது. நல்லது.

அடுத்து வரப்போகும் தவறான வாசிப்பையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். 50 லட்சத்துக்கு மேல் காட்டிய சுமார் 9.4 லட்சம் பேர் மீதான வரி 9.62 லட்சம் கோடி, மொத்தத் தனிநபர் வரியில் 76% என்று 2024இல் ஒரு கணக்கு வெளிவந்தது. பணக்காரர் தாங்குகிறார்கள் என்று ஒரு தரப்பும், வருமானம் அவர்களிடம்தானே குவிந்திருக்கிறது என்று மறு தரப்பும் அதைப் பிடித்துக்கொண்டன. இந்தப் பங்கு இரண்டு விஷயங்களின் கலவை: உச்சியில் எவ்வளவு வருமானம் இருக்கிறது என்பது ஒன்று, கீழே யாருக்கெல்லாம் வரி தள்ளுபடி என்பது மற்றொன்று. கழிவுகள் குறைந்த புதிய வரி முறையில் தள்ளுபடி வரம்பு 2023இல் 7 லட்சமாகவும், 2025-26 வருமானத்துக்கு 12 லட்சமாகவும் ஏறியது. 12 லட்ச வரம்பால் அரசு இழக்கும் வருவாய் சுமார் ஒரு லட்சம் கோடி என்று பட்ஜெட்டிலேயே சொல்லப்பட்டது. அந்த ஆண்டுக்கான அட்டவணை வெளிவரும் நாளில், பூஜ்ய வரி ரிட்டர்ன்கள் கோடிக்கணக்கில் கூடியிருக்கும், 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பங்கும் உயர்ந்திருக்கும். பணக்காரர் ஒரு ரூபாய் கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டியதில்லை, நடுத்தர வர்க்கம் ஒரு ரூபாய் ஏய்த்திருக்க வேண்டியதில்லை. இரண்டு தலைப்புச் செய்திகளும் அப்போதும் வரும்.